ஓடாமல் விட்ட இரண்டு சுற்று

ஸரேச்சா,
நவம்பர், உருளைக்கிழங்கெல்லாம் நிலவறைக்குள் போன பிறகு

அன்புள்ள அண்ணி யாத்விகாவுக்கு,

ஸ்தெஃபா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. போன தடவை கேட்டதற்கு நீ எழுதிய பதிலின் மேல்தான் மை பூசி அனுப்பியிருந்தார்கள். அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு நீ, வா, போ என்று எழுதுகிறாளே என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் பனியில் குப்புறப் படுத்துத் துப்பாக்கி சுட்டு வளர்ந்தவர்களுக்குள் இவ்வளவு மரியாதைதான் வரும்.

உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற சிறை அலுவலக ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இவளுடைய போன கடிதத்தில் பாதிப் பக்கம் கறுப்பாக வந்தது. எங்கள் அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டும் பார்த்தார். அப்புறம் என்னிடம், "மருமவ தார் ரோடு போடுற வேலைக்குப் போயிடுச்சா?" என்று கேட்டார். அவருக்குக் காதுதான் கேட்காது, நக்கலில் குறைச்சல் இல்லை.

பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். காய வைத்த கறுப்பு ரொட்டி, பூண்டு, உப்புக் கொழுப்பு, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. காலுறையை நான்தான் பின்னினேன், அதனால் ஒன்று பெரியதாகவும் ஒன்று சின்னதாகவும் இருக்கும். பெரியதை இடது காலில் போட்டுக்கொள். கஸ்தூஸ் அண்ணன் எல்லைக்கு அந்தப் பக்கம் போலந்தில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். இந்தப் பக்கம் வந்தால் அவனையும் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னிடம் சளசளவென்று பேசுகிறவன், உன் பேச்சு வந்தால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு லாரியின் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். உன் புருஷனைப் பற்றி உனக்குத் தெரியாதா.

பயிற்சித் திடலில் முதல் பனி விழுந்துவிட்டது. எனக்கு அதே வேலைதான். பிள்ளைகளின் குறி தவறிய குண்டு பட்டுக் கறை பிடிக்கிற இலக்குத் தகடுகளுக்குத் தினமும் வெள்ளை அடிப்பது, எண்ணெய் போடுவது, கூட்டுவது. உள்ளே கூடத்தில் மாட்டியிருந்த உன் படத்தைக் கோடையிலேயே கழற்றிவிட்டார்கள், உனக்குத் தெரியும். வெறும் ஆணி பார்க்க நன்றாக இல்லையென்று இப்போது அதில் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறார்கள். உன் படம் இருந்தவரை யார் அந்தச் சுவரைப் பார்த்தார்கள்? இப்போது நிமிஷத்துக்கு ஒருத்தி நிமிர்ந்து பார்க்கிறாள். மணிதான் பார்க்கிறார்கள் ஐயா, வேறொன்றும் இல்லை.

நீ அங்கே சீருடை தைக்கிறாயாமே. வீட்டில் ஒரு பட்டன் தைக்கச் சொன்னால் என்னைக் கூப்பிடுகிறவள் நீ. ஊசி விரலில் ஏறாமல் பார்த்துக்கொள். சுடுகிற விரல் அது.

அப்பாவின் ஆசிகளுடன்,
உன் நாத்தனார் ஸ்தெஃபா


ஸரேச்சா,
ஜனவரி

அன்புள்ள யாத்விகா அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தொலைக்காட்சியில் பயாத்லான் பந்தயம் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சத்தத்தை அணைத்துவிட்டு அவரே வர்ணனை சொல்கிறார். எல்லாப் பெண்களையும் திட்டுகிறார். "எங்க வீட்டுப் புள்ளைங்க ஓடினதுல பாதி ஓட்டம் இல்ல" என்கிறார். புள்ளைங்க என்று பன்மையில் சொல்லுகிறார். எனக்கும் அதில் பங்கு இருக்கிறது என்று நானே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். போன வாரம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். எந்த அலுவலகம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல சாம்பல் நிறக் கோட்டு. காலணியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தார். நான் கிழங்கு அடை சுட்டிருந்தேன், கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புளித்த பாலாடையும் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் வாயிலிருந்து வந்தது என்பதால் அதன் மேல் மை விழாது என்று நம்புகிறேன்.

"உங்க அண்ணி நல்ல வீராங்கனை, யாரு இல்லேன்னா? முட்டி போனதும் பத்திரிகையில சேர்ந்தாங்க. பந்தயத்துல யாரு முதல், யாரு ரெண்டாவதுன்னு எழுதிட்டுக் கிடந்திருந்தா இன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்து அடை சாப்பிட்டிருப்பாங்க. அரசாங்கத்துக்கு எதிரா ஊர்வலத்துல நின்னவங்க பிள்ளைங்களை அணியிலருந்து எடுத்தா, அதை எதுக்கு எழுதணும்? எழுதினதோட விட்டாங்களா? அந்தப் பொண்ணுங்களுக்குப் பழைய சறுக்குக் கட்டையெல்லாம் சேர்த்துக் குடுக்கறது, காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்ப் பயிற்சி நடத்தறது, ஒரு கோஷ அட்டையைப் பிடிச்சிக்கிட்டு விளையாட்டு ஆபீஸ் வாசல்ல ஒத்தையா நிக்கறது. இவங்களை யாராவது கேட்டாங்களா?" என்றார்.

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என்னுடைய வாக்கியம் ஆச்சே. இருபது வருஷத்துக்கு முன்னால் அதே கேள்வியை உன்னைப் பார்த்துக் கத்தியவள் நான். அவர் வந்ததே அதற்காகத்தான். அந்தப் பழைய பந்தயத்தைப் பற்றி ஊரே சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஐயா, உங்களுக்கு இந்தப் பயாத்லான் விளையாட்டு தெரியாமல் இருந்தால் சொல்லிவிடுகிறேன். முதுகில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி, நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஓடி வர வேண்டும். சுடுமிடத்தில் நின்று ஐந்து குண்டு, ஐந்து கறுப்பு வட்டம். குண்டு பட்டால் வெள்ளை மூடி விழுந்து வட்டம் வெள்ளையாகிவிடும். கறுப்பாகவே நிற்கிற ஒவ்வொன்றுக்கும், பக்கத்தில் இருக்கிற சின்ன வளையப் பாதையில் ஒரு சுற்று ஓட வேண்டும். தண்டனைச் சுற்று என்பார்கள். யாரும் பிடித்துத் தள்ள மாட்டார்கள். தவறவிட்டவள் தானாகப் போய் ஓட வேண்டும்.

அன்றைக்கு மாவட்டப் பந்தயம். முதல் மூன்று பேருக்குத் தேசிய இளையோர் அணியில் இடம். நானும் நீயும் ஒரே ஊர், ஒரே பயிற்சியாளர், பக்கத்துப் பக்கத்துத் தடம். பனி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நீ இரண்டு குண்டுகளை உன் தகடு என்று நினைத்து என் தகட்டில் சுட்டாய். கண்ணில் பனியோடு ஓடி வருகிறவளுக்கு நடக்கிற தப்புதான், எனக்கும் நடந்திருக்கிறது. அதே நேரம் நான் என்னுடைய இரண்டைத் தவறவிட்டிருக்கிறேன். எனக்கு அது தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் என் ஐந்து வட்டமும் வெள்ளை. ஆகாயத்தில் பறக்காத குறையாக ஓடினேன். இரண்டாம் இடம். அப்பா தொப்பியைத் தூக்கி எறிந்தார், அது மரத்தில் மாட்டிக்கொண்டது.

உன் தகட்டில் கறுப்பாக நின்ற இரண்டுக்கும் நீ சுற்றை ஓடிவிட்டாய். அதோடு விட்டிருக்கலாம். ஒரு மனிதருக்கும் தெரியாது. பயிற்சியாளர் லியாவோனுக்கு மட்டும் தொலைநோக்கியில் தெரிந்திருக்கிறது. அவர் உன் கையைப் பிடித்து, "வாயை மூடிட்டுப் போ. பதக்கம் நம்ம ஊருக்குத்தான வருது" என்றார். நீ கையை உதறிவிட்டு நடுவரிடம் போய், "அந்தத் தகட்டுல விழுந்த ரெண்டு குண்டு என்னுது" என்றாய். ஓடாத இரண்டு சுற்றுக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். நான் எங்கேயோ கீழே போய்விட்டேன். அடுத்த வருஷம் வயது தாண்டிவிட்டது. அவ்வளவுதான் என் தேசிய அணி.

உன்னை யாராவது கேட்டாங்களாடி என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். நீ, "இல்லை" என்றாய். மன்னிப்பு கேட்டிருந்தாலாவது திட்ட வசதியாக இருந்திருக்கும். வருஷம் பூராவும் உன்னோடு பேசவில்லை. அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு மண்வெட்டியோடு நீயாக எங்கள் தோட்டத்துக்குக் கிழங்கு தோண்ட வந்து நின்றாய், அதையும் யாரும் கேட்கவில்லை. கிழங்கோடு சேர்த்து என் அண்ணனையும் தோண்டி எடுத்துக்கொண்டு போனாய்.

சரி, வந்தவர் கேட்டதைச் சொல்கிறேன். "தொலைக்காட்சியிலருந்து வருவாங்க. உங்க பதக்கம் எப்படிப் போச்சுன்னு நீங்க மனசு விட்டுச் சொன்னாப் போதும். பேருக்காக அடுத்தவங்க பொழப்பைக் கெடுக்கறது இவங்களுக்குச் சின்ன வயசுலருந்தே பழக்கம்னு ஜனங்களுக்குப் புரியட்டும். ஏப்ரல்ல வழக்கு மறுபடி வருது, அதுக்கு முன்னால வந்தா நல்லது" என்றார். எழுந்து காலணியை மாட்டிக்கொண்டே, "லியாவோன் ஓய்வு வாங்கறாரு. பொண்ணுங்களுக்குப் பயிற்சி குடுக்க உள்ளூர் ஆளா இருந்தாத் தேவலை. நீங்க எத்தனை காலம் தகட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டிருப்பீங்க?" என்றார்.

யாத்விகா, உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். வெள்ளை அடித்துக்கொண்டே அந்தப் பெண்கள் நிற்கிற விதத்தைப் பார்க்கிறேன், தோள் எங்கே தப்பு, மூச்சு எங்கே தப்பு என்று எல்லாம் தெரிகிறது. சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஒருத்தியின் முழங்கையைத் திருத்தப் போய்த் திட்டு வாங்கினேன். இருபது வருஷமாக மனதில் வைத்திருக்கிற ஆசை, அதை ஒரு ஆள் வந்து அடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான்.

அவர்களை வரச் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறார்கள். ரொட்டிக் கடையில் பெண்கள், "கடைசியில ஸ்தெஃபாவுக்கும் ஒரு நாள் வந்துச்சு பாரு" என்று என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயம் பிடிக்கவில்லையா, வேறு எதுவுமா என்று கேட்கவில்லை.

குளிரில் வெளியே நிற்க வைத்தால் கால் விரல்களை அசைத்துக்கொண்டே இரு.

ஸ்தெஃபா


ஸரேச்சா,
மார்ச், பிர்ச் மரத்தில் சாறு இறங்குகிற நேரம்

என் அன்பு யாத்விகாவுக்கு,

உன் அஞ்சலட்டை வந்தது. ஒரு எழுத்தின் மேல்கூட மை இல்லாமல் வந்தது, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. "ஸ்தெஃபா, அன்றைக்குக் கேட்காமல் உன்னிடமிருந்து ஒன்றை எடுத்தேன். இப்போது நீ என்னைப் பற்றி என்ன சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண்களுக்கு உன்னைவிட நல்ல பயிற்சியாளர் கிடைக்க மாட்டார். வேலையை ஏற்றுக்கொள்" என்று எழுதியிருந்தாய். அது வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாரக்கணக்காகிவிட்டது. நல்லவேளை. முன்னாலேயே வந்திருந்தால் கேமரா முன்னால் அழுது தொலைத்திருப்பேன். அழுதால் என் மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும்.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே இருந்துகொண்டு வெளியே இருக்கிறவளுக்கு வேலை பார்த்துக் கொடுக்கிறாயா? உன் வழக்கு நிற்கிற நிலையில் உன்னைக் கெடுக்கச் சொல்லி நீயே எனக்கு அனுமதிச் சீட்டு எழுதி அனுப்புகிறாய். இப்படி ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் உன் அட்டையைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் பாலாடை டப்பாவுக்குப் பின்னால், அப்பா கண்ணில் படுகிற மாதிரி சாய்த்து வைத்தேன்.

வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். திடலில், தகடுகள் பின்னால் தெரிகிற மாதிரி என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்ட பெண் சின்னப் பெண், பாவம், மெல்லிய காலணியில் வந்து குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். சாம்பல் கோட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். லியாவோனும் கூடத்துக் கதவோரம் நின்றார். அந்தப் பெண், "உங்க பதக்கத்தை உங்க அண்ணி பறிச்சிட்டாங்க, இல்லையா?" என்று ஆரம்பித்தாள்.

நான் உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்று காலையிலிருந்தே எனக்குத் தெரியும் என்று எழுத ஆசை. தெரியாது. வாயைத் திறக்கிறவரை தெரியாது. அந்த வேலை என் கண் முன்னால் நின்றது. ஆனால் கண் தகட்டுப் பக்கம் போயிற்று. காலையில்தான் வெள்ளை அடித்திருந்தேன், ஈரம்கூடக் காயவில்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பதக்கம் என்னுது இல்லம்மா. என் தகட்டுல விழுந்த ரெண்டு குண்டு அவளுது. அவ சொன்னது நிஜம்."

அவள் சாம்பல் கோட்டைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். மறுபடி, "ஆனா அதனால உங்க எதிர்காலமே போச்சே" என்றாள். "போச்சு. ரொம்பக் கோபமா இருந்தேன். இப்பக்கூடக் கொஞ்சம் இருக்கு. ஆனா அவ பொய் சொல்லலையே. அன்னைக்கும் சொல்லல, பத்திரிகையிலயும் சொல்லல. சொன்னா லாபம்னு இருந்தப்பவும் சொல்லல, எழுதினதெல்லாம் பொய்னு இப்பச் சொன்னா வெளிய வந்துடலாம்னு இருக்கறப்பவும் சொல்லல. அவளுக்குப் பொய் சொல்ல வராதும்மா, பட்டன் தைக்க வராத மாதிரி" என்றேன். சாம்பல் கோட்டு கையைக் காட்டியதும் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கேமராக்காரர் மட்டும் என் பக்கம் குனிந்து மெதுவாக, "அப்ப அந்த ரெண்டு தண்டனைச் சுற்றை யாரு ஓடினாங்க?" என்று கேட்டார். விளையாட்டு தெரிந்த மனிதர் போல. யாரும் ஓடவில்லை என்றேன். நடுவர் நேரத்தைக் கூட்டினாரே தவிர யாரும் ஓடவில்லை. அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது.

ஐயா, அந்தப் பேட்டி தொலைக்காட்சியில் வரவில்லை. வராது. அதைக் கேட்ட வெளியாள் இப்போது நீங்கள் ஒருவர்தான். இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் அடியுங்கள், என் காலுறை சமாச்சாரத்தைக்கூட அடியுங்கள். அந்த இரண்டு குண்டு அவளுடையது என்ற வரியை மட்டும் விட்டுவிடுங்கள். அது பழைய விளையாட்டுச் செய்தி. உங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும், பனியில் ஓடும், தவறவிடும். தயவு செய்து அந்த வரியை விட்டுவிடுங்கள்.

வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். பயிற்சியாளர் வேலை போகட்டும், வெள்ளை அடிக்கிற வேலையும் இல்லை. பதறாதே. பால் பண்ணையில் பாட்டில் கழுவுகிறேன். அங்கே உட்கார நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், உன் நாத்தனாரான எனக்கு இது பதவி உயர்வு. ரொட்டிக் கடைப் பெண்கள் இப்போது என்னிடம் ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் ரொட்டி சூடானதாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

கடைசி நாள் சாவியையும் பிரஷ்ஷையும் கொடுக்கத் திடலுக்குப் போனேன். பெண்கள் பயிற்சி முடித்துக் காலணி கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியிடம் சறுக்குக் கட்டையை இரவல் கேட்டேன். என் இடுப்பைப் பார்த்தாள், கட்டையைப் பார்த்தாள், கொடுத்தாள். நேராகத் தண்டனைச் சுற்றுக்குப் போய் ஓட ஆரம்பித்தேன். முதல் வளைவிலேயே விழுந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், சிரிக்கிற மாதிரிதான் விழுந்தேன். எழுந்து ஓடினேன். லியாவோன் கதவோரத்திலிருந்து வெளியே வந்தார். என்னை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். உன் கையை அன்றைக்குப் பிடித்த மனிதர். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பழைய குரலில், "இடது காலைத் தள்ளு ஸ்தெஃபா, இடது காலை" என்று கத்தினார். சிரிப்பு நின்றுவிட்டது. என்ன விஷயம் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இரண்டாவது சுற்றில் அந்தக் கட்டை கொடுத்த பெண் வெறும் காலணியோடு என் பக்கத்திலேயே ஓடி வந்தாள்.

முடித்தேன், யாத்விகா. மூச்சு வாங்கப் பனியில் மல்லாந்து கிடந்தேன். எனக்கு அப்போது நீ வேண்டும் போல் இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன்னைப் போல் ஒருத்தி பக்கத்துத் தடத்தில் நின்றாள் என்பது எனக்குக் கிடைத்த எந்தப் பதக்கத்தையும்விடப் பெரிசு. இதை நேரில் சொல்ல மாட்டேன், அதனால் இங்கேயே படித்துக்கொள்.

ஏப்ரலில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் நீதிமன்ற வாசலில் நிற்பேன். கையில் அட்டையெல்லாம் இருக்காது ஐயா, கிழங்கு அடைப் பொட்டலம் மட்டும்தான். அப்பாவும் வருவேன் என்கிறார். கஸ்தூஸிடம் சொன்னேன். டயரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் அழுதான்.

குறி தவறாமலே தண்டனைச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறாய் நீ. இன்னும் எத்தனை என்று அவர்கள் சொல்லப் போகிறார்களோ தெரியாது. அதை உனக்காக நான் ஓட முடியாது, முடிந்தால் ஓடியிருப்பேன். நான் ஓட வேண்டிய இரண்டை ஓடிவிட்டேன். நீயும் மெதுவாக ஓடு. கால் விரல்களைச் சூடாக வைத்துக்கொள். மூச்சை முழுசாக விட்டுவிட்டு அப்புறம் அடுத்ததைப் பார். நீ வந்து சேருகிற கோட்டில் நான் நிற்கிறேன்.

பக்கத்துத் தடத்திலிருந்து,
ஸ்தெஃபா